ஆறு வாரம் செய்த பெட்டி

எங்கள் வீட்டில் மனதில் பட்டதை நேராகப் போட்டு உடைக்கிற ஆள் நான் ஒருத்திதான். "இதுக்கு வாயி மட்டும் இல்லன்னா நாயி தூக்கினு பூடும்" என்று அம்மா திட்டுவார். எனக்கு அது பட்டம் கொடுத்த மாதிரி இருக்கும். அந்த வாயை வைத்துக்கொண்டு ஒன்பது வயதில் நான் என்ன செய்து தொலைத்தேன் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

மாரிகுப்பத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு எங்களுடையது. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான என் அத்தை, மொத்தம் நான்கு பேர். நான் பிறப்பதற்கு முன்பே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அதன் பிறகு அப்பா எந்த வேலையிலும் மூன்று மாதத்துக்கு மேல் நின்றதில்லை. அத்தைதான் கோழி கூவுமுன் எழுந்து ரயில் பிடித்து வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போய் வருவாள். அரிசி, கேஸ், என் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று நான் யோசித்ததே கிடையாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, அது எங்கிருந்து வருகிறது என்று யார் கேட்பார்கள்?

அத்தைக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜி தின்று, காபி குடித்து, சிரித்த முகமாகத்தான் போவார்கள். அவர்கள் தலை மறைந்ததும் அப்பா ஒரு குறை கண்டுபிடிப்பார். ஒருத்தன் குள்ளம். ஒருத்தனுக்கு நட்சத்திரம் சேரவில்லை. திருப்பத்தூர் மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனால் ஊர் தூரமாம். அத்தை தினமும் போய்வருகிற வைட்ஃபீல்டு மட்டும் அப்பாவுக்குத் தூரமாகத் தெரியவில்லை.

என் பிறந்தநாளுக்கு அத்தை ஒரு கேம் வாங்கி வந்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விளையாடுவது, நடுவில் திரை, இரு பக்கமும் பொத்தான்கள். கம்பெனியில் கூட வேலை செய்கிற ஒரு பெண்ணின் தம்பி வைத்திருந்த பழசு. எங்கள் லைனில் வேறு யாரிடமும் அது இல்லை. மூன்றாவது நாளே அதைச் சிமெண்டுத் தரையில் போட்டுவிட்டேன். திரையின் மூலையில் ஒரு கீறல் விழுந்தது. நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டார் எழவு என்று நினைத்து ஓடிவந்துவிட்டார்கள்.

"பழைய ஜீன்ஸ் துணி கீது, அரைமணி நேரத்துல ஒரு பை தச்சுத் தரேன்" என்றார் அம்மா.

அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "துணிப்பையில வெச்சா மறுபடி உடையும் அண்ணி. மரத்துல பொட்டி செஞ்சிடலாம். கோரமண்டல்ல நம்ம பின்கதவு செஞ்சாரே, அவரு செய்வாரு."

அம்மா அத்தையை ஒரு பார்வை பார்த்தார். நானோ மரப்பெட்டி என்றதும் குதிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வருஷ மழைக்காலத்துக்குப் பிறகு எங்கள் பின்கதவைக் கரையான் அரித்துவிட்டிருந்தது. அதை மாற்ற வந்தவர்தான் அந்தத் தச்சர். முப்பது வயதுக்குள் இருக்கும். அதிர்ந்து பேச மாட்டார். கோரமண்டல் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஒரு ஷெட் இருந்தது. உள்ளே போனால் மரத்தூள் வாசனையும், சுவரில் புத்தர் படமும். அவருடைய அப்பாவும் என் அப்பாவும் ஒரே கேஜ் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள், ஒரே டிபன் கேரியரைப் பங்கு போட்டுத் தின்றவர்கள். இது அப்பாவே பெருமையாகச் சொன்னது.

முதல் ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்கப் போனோம். ஒரு காகிதத்தில் கேமை வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு இழுக்க எவ்வளவு நேரமாகும்? அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. அத்தை காகிதத்தின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள், அவர் இன்னொரு ஓரத்தை. மின்விசிறியே இல்லாத ஷெட்டில் காகிதம் எங்கே பறக்கும் என்று எனக்குப் புரியவில்லை.

இரண்டாவது ஞாயிறு பெட்டி தயாராக இருந்தது. பழைய தேக்கு. மூடி, கீல், உள்ளே பச்சை வெல்வெட்டுத் துணி. அதைப் பார்த்து எனக்கு மூச்சே நின்றுவிட்டது. வெளியே கட்டியிருந்த ஆட்டுக்குட்டியைக் கொஞ்சிவிட்டு வந்து கேமை உள்ளே வைத்தேன், இறங்கவில்லை. அழுத்தியும் இறங்கவில்லை.

"தப்பாப் பூடுச்சு பாப்பா. அடுத்த வாரம் சரி பண்ணித் தரேன்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

மூன்றாவது வாரம் லூசாகிவிட்டது, ஆட்டினால் கடகடவென்றது. நான்காவது வாரம் சார்ஜர் ஒயர் போகிற ஓட்டையை இடது பக்கம் போட்டு வைத்திருந்தார். நான் விரல் வைத்து வலது பக்கத்தைக் காட்டியிருந்தேன்! ஐந்தாவது வாரம் மூடி கோணலாக உட்கார்ந்தது. ஆறாவது வாரம் எல்லாம் சரியாகிவிட்டதாம், ஆனால் வார்னிஷ் காயவில்லையாம், தொடக்கூடாதாம்.

ஒவ்வொரு வாரமும் என்னை மரத்தூள் குவியல் பக்கம் உட்கார வைத்து, "நீ வெளையாடு கண்ணு, தோ ஆயிடும்" என்பாள் அத்தை. நானும் தலை நிமிராமல் ஆடுவேன். நடுவில் எப்போதாவது நிமிர்ந்தால் அவர் உளியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றிருப்பார். அத்தை எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பாள். வீட்டில் அத்தை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வேலை கெட்டுப்போனதற்கு ஏன் சிரிக்க வேண்டும்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதைவிடக் குழப்பம், அதே ஷெட்டில் சுவரோரம் அவர் செய்த அலமாரி ஒன்று நின்றது. கதவைச் சாத்தினால் இடுக்கில் ஒரு முடி நுழையாது. அவ்வளவு பெரிய அலமாரியைச் செய்யத் தெரிந்த மனுஷனுக்கு ஒரு சாண் பெட்டி செய்ய வராதா? யாருடைய அலமாரியையோ கொண்டுவந்து வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டியதோடு நில்லாமல் லைன் முழுக்கச் சொல்லியும் வைத்தேன். கட்டில் செய்யக் கொடுக்கவிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் வேறு ஆளிடம் போய்விட்டார்கள்.

ஆறாவது ஞாயிறு ராத்திரி சாப்பாட்டின்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, அந்த ஆளுக்கு வேலையே தெரியல. ஆறு வாரமா அலைய விடுறாரு. அத்தைக்குக் கேக்கவும் தெரியல, பல்லைக் காட்டிகினு நிக்குது. நீ வந்து ஒரு சத்தம் போடுப்பா."

அப்பா சோறு பிசைந்த கையோடு அப்படியே இருந்தார். "ஆறு வாரமா?" என்றார். "இன்னா பண்ணுவீங்க அங்க?"

"நான் கேம் ஆடுவேன். அவங்க ரெண்டு பேரும் பேசிகினு இருப்பாங்க."

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார். "சும்னே வாய மூடிகினு சாப்புடு." எதற்கு அடித்தார் என்று எனக்கு விளங்கவில்லை. அத்தை தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

படுத்த பிறகு அப்பா அம்மாவிடம், "அவங்க புத்தரக் கும்புடறவங்க, நாம வேற. அவங்க வூட்ல மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்துவாங்களா?" என்று கேட்டது காதில் விழுந்தது. கேம் பெட்டிக்கும் கூழுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

அடுத்த ஞாயிறு அத்தை தலைக்குக் குளித்துப் புறப்படத் தயாரானாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "நீ இரு. நானும் பாப்பாவும் போயிட்டு வரோம்" என்றார். எனக்கோ தலைகால் புரியவில்லை. அப்பா வந்தால் வேலை நடக்கும்!

ஷெட்டில் அப்பா சத்தம் போடவே இல்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தம்பி, இன்னிக்கு முடிச்சிக் குடுத்துடுங்க" என்றார். அவ்வளவுதான்.

தச்சர் எங்களுக்குப் பின்னால் வாசலை ஒரு தரம் பார்த்தார். பிறகு குனிந்து வேலையை ஆரம்பித்தார். உப்புத்தாளால் ஒரு ஓரத்தைத் தேய்த்தார், கீலைக் கழற்றி மறுபடி முடுக்கினார், துணியை ஒட்டினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கேமை உள்ளே வைத்தேன், அளவு கச்சிதம். மூடியை விட்டதும் தானே இறங்கி மூடிக்கொண்டது. அப்பா பணத்தை நீட்டினார். தச்சர் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டு, "பாப்பாவுக்கு இருக்கட்டும்" என்றார். குரல் கம்மியிருந்தது. மரத்தூள் அடைத்திருக்கும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு ஓடினேன். "அத்தே! பாத்தியா! அப்பா போனாங்க, ஒரே மணி நேரத்துல முடிஞ்சிடுச்சு. நீ ஆறு வாரம் போயி இன்னா பண்ண?"

அத்தை பெட்டியை வாங்கினாள். திறந்தாள், மூடினாள். திறந்து மூடினாள். கேமை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். பிறகு பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. வெளியே வந்தபோது கண் சிவந்து வீங்கியிருந்தது. சரியாக இல்லாதபோதெல்லாம் சிரித்தாள், சரியானதும் அழுகிறாள். பெரியவர்களுக்கு மூளை பிசகு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்தத் தச்சர் பிறகு ஓசூர்ப் பக்கம் போய் யாரையோ கல்யாணம் செய்துகொண்டார். அத்தைக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. நான் டிகிரி முடித்தது அவள் சம்பளத்தில்தான். போன வருஷம் ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, என்னை மன்னித்துவிடு என்று கேட்டேன். அத்தை துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"அவரு மொத தடவையே சரியாத்தான் செஞ்சிருந்தாரு. நீ ஆட்டுக்குட்டிகிட்ட போனியே, அப்பதான் இன்னொரு துணி வெச்சி ஒட்டுங்க, கேமு உள்ள போவக் கூடாதுன்னேன். ஓட்டையத் தப்பாப் போடச் சொன்னதும் நான்தான். என் தொழிலுக்குக் கெட்ட பேரு வாங்கித் தர்றியேன்னு சிரிப்பாரு."

இவ்வளவுதான் சொன்னாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பெட்டி வந்த மறுநாள் திங்கட்கிழமை. நான் பாதித் தூக்கத்தில் விழித்துப் பார்த்தபோது அத்தை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கியறியாத அப்பா அன்று அவளுடைய சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் கூடப் போனார். சாயந்திரம் ரயில் வருவதற்கு அரைமணி நேரம் முன்பே போய் நின்று கூட்டிக்கொண்டு வந்தார். அடுத்த நாளும் போனார். அந்த மாதம் முழுக்கப் போனார். எங்கள் அப்பாவுக்குத் தங்கச்சி மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.