மத்தியானத்தில் மடங்கும் விரல்கள்

ஒரு மழைக்காலத்தில் என் இறால் பறி திடீரென்று நிரம்ப ஆரம்பித்தது. பழவேற்காடு ஏரியில் நாங்கள் கையால்தான் இறால் பிடிப்போம். விடிந்ததும் பெண்கள் வரிசையாகத் தண்ணீரில் உட்கார்ந்து, அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வோம். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். ஒருத்தி கைக்குத் தப்பிய இறால் பக்கத்தில் இருப்பவளுக்கு. என் பக்கத்தில் இருந்தது என் அண்ணி. அவளைப் போல் கைவாகு எங்களில் யாருக்கும் கிடையாது. அவளைவிட எனக்கு அதிகம் கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் கரையேறிய அண்ணி, முந்தானை முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தாள். விரல் கணுக்களெல்லாம் வீங்கியிருந்தன. கையில் பட்ட இறாலை மூடிப் பிடிக்க முடியாமல்தான் அத்தனையும் என் பக்கம் வந்திருக்கிறது. அண்ணன் பதறிப்போய், இனி ஏரிப் பக்கமே போகாதே என்று சொல்லிவிட்டான். அண்ணி அன்று சாப்பிடவில்லை. "வூட்ல குந்திக்கினு நான் இன்னா பண்ணுவேன்? எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பொன்னேரிக்கு அழைத்துப்போனேன். டாக்டரம்மா முடக்குவாதம் என்றார். வலி குறைந்தாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். வேலையை விட்டுவிட வேண்டுமா என்று கேட்க அண்ணிக்குப் பயம், நான் கேட்டேன். விரல் எப்போது மடங்குகிறது என்று அவர் திருப்பிக் கேட்டார். வெயில் ஏறினால் மடங்கும் என்றாள் அண்ணி. வீக்கம் வடிந்ததும் வெயில் ஏறிய பிறகு இறங்குங்களேன் என்றார்.

சொல்வது சுலபம். இறால் வியாபாரி காலையில்தான் டச்சுக்காரர் கல்லறை ஓரம் வண்டியை நிறுத்துவார். ஒருத்தி மட்டும் தனியாக இறங்கினாலும் ஒன்றும் அகப்படாது. சில மாதங்களில் வீக்கம் வடிந்தது, அண்ணனும் அதன்பிறகு தடுக்கவில்லை. எங்களில் மூத்தவளான பெரியம்மா வியாபாரியிடம் போய் நின்றாள். "அவ வெரலு மத்தியானத்துலதான் மடங்குது. நாங்க எல்லாரும் அப்பதான் எறங்குவோம். நீ சாய்ங்காலம் வா." முணுமுணுத்துக்கொண்டே அவர் ஒப்புக்கொண்டார்.

இப்போதும் அண்ணி மாத்திரை சாப்பிடுகிறாள். வீக்கம் கண்ட நாளில் வருவதில்லை. மற்ற நாட்களில் எங்களை முந்திவிடுகிறாள். ஆனால் என் மனதில் நிற்பது அந்த முதல் மத்தியானம்தான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அண்ணி நெடுநேரம் சேற்றைத் தடவினாள். நாங்கள் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் கை மேலே வந்தபோது மூடிய விரல்களுக்குள் ஓர் இறால் துள்ளியது. பறியில் போட்டாள். பிறகு இன்னொன்று. சந்தோஷம் தாங்காமல் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். வாயிலிருந்த பறி விழுந்து, பிடித்ததெல்லாம் ஏரிக்கே போனது. அண்ணி சிரித்தபடியே மறுபடியும் சேற்றில் கைவிட்டாள்.