காற்று இறக்கிய சிலிண்டர்கள்

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குத் தாலாட்டு என்றால் சிலிண்டரிலிருந்து காற்று இறங்கும் சத்தம்தான். சமையல் சிலிண்டர் இல்லை. கடலுக்கு அடியில் மூச்சு விடுவதற்காக அவள் அப்பா முதுகில் கட்டிக்கொள்ளும் சிலிண்டர்.

என் கணவர் அப்போது காட்டுப்பள்ளிப் பக்கம் கப்பல்களின் அடிப்பகுதியில் வேலை செய்துவந்தார். ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுவது, விரிசல் இருந்தால் படம் எடுப்பது, இப்படி. கான்ட்ராக்டர் சின்ன ஆள். கிடங்கு என்று எதுவும் கிடையாது. அதனால் அவரவர் சிலிண்டர் அவரவர் வீட்டில் இருக்கும். பொன்னேரியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறையில், டிவிக்குப் பக்கத்தில், மஞ்சள் நிறத்தில் இரண்டு அலுமினிய சிலிண்டர்கள் சுவரில் சாய்ந்து நின்றன. உறவினர் வந்தால் முதலில் அவற்றைத்தான் விசாரிப்பார்கள்.

போர்ட் பிளேரில் வேலை வந்தால் சிலிண்டர்களும் அவரோடு விமானத்தில் போகும். அங்கேயே வாடகைக்கு எடுக்கக் கூடாதா என்று கேட்டால், "எவன் எவன் இன்னா காத்த அடச்சி வெச்சானோ, யாருக்குத் தெரியும்?" என்பார். ஆனால் காற்றோடு அவற்றை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். முழுக்கக் காலி செய்து, வால்வையும் கழற்றிவிட வேண்டும். சோதனை செய்கிறவர் டார்ச் அடித்து உள்ளே பார்க்க வாய் திறந்திருக்க வேண்டும்.

காலி செய்வதை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது. வேகமாகத் திறந்தால் சிலிண்டர் ஜில்லிட்டுப் போகும், உள்ளே ஈரம் கோக்கும். நான் இயற்பியல் படித்தவள். கல்லூரியில் பரீட்சைக்கு எழுதியது என் வீட்டு முன்னறையில் நடந்துகொண்டிருந்தது. அவர் வால்வை இழையளவு திறந்துவிட்டுச் சாப்பிடப் போவார். நான் அடிக்கடி வந்து சிலிண்டரைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. அந்த மெல்லிய 'ஸ்ஸ்' மதியம் முழுக்க ஓடும். மகள் அதைக் கேட்டபடியே பாயில் தூங்கிப்போவாள்.

முதல் தடவை பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்ததை மறக்க முடியாது. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்.

"ஏம்மா! கேஸ் லீக்காவுது பாரு! கொயந்தய தூக்கிக்கினு வெளிய வா!"

"கேஸ் இல்லக்கா. வெறும் காத்து."

"காத்தா? டப்பு குடுத்து அடச்ச காத்த இன்னாத்துக்கு ஊட்டுக்குள்ள தொறந்து உட்டுக்கினு கீறீங்க?"

"பிளைட்ல காலியாதான் எடுத்துக்கினு போவணும்க்கா."

"காலி டப்பாவ எடுத்துக்கினு கடலுக்குப் போற ஆள இப்பதாம்மா பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மகளுக்கு ஒரு வயது தாண்டியிருந்த சமயம். காது குத்திச் சில வாரம்தான் ஆகியிருந்தது. பொட்டு மாதிரி ஒரு கம்மல். திருகாணி தளர்ந்திருக்கிறதா என்று நான் பார்த்துப் பார்த்து அவளுக்கே சலித்துவிட்டது, கையைத் தட்டிவிடுவாள். நடக்கப் பழகியிருந்தாள். துளை எதைக் கண்டாலும் அதில் எதையாவது போட வேண்டும் அவளுக்கு. அப்பாவின் ஷூவில் வேர்க்கடலை, குளியலறைச் சாக்கடைத் துளையில் என் ஹேர்பின். அவள் வாயும் ஒரு துளைதான். அதை நினைத்தே நான் பாதி இளைத்தேன்.

மதிய விமானத்துக்குக் கிளம்ப வேண்டிய ஒரு காலை. முதல் நாளே காற்று இறங்கியிருந்தது. அவர் பாயில் உட்கார்ந்து வால்வுகளைக் கழற்றித் துடைத்து, சுத்தமான துணியில் சுற்றி என் டிபன் பாக்ஸில் வைத்தார்.

"ரப்பர் வளையம் வெச்சிட்டீங்களா?"

"வெச்சாச்சி."

"மாத்து வளையம்?"

"அதுவும் வெச்சாச்சிம்மா. தொறந்து பாக்கறியா?"

வேண்டாம் என்றேன். அவர் திரும்பியதும் திறந்து பார்த்தேன். இருந்தது.

அடுத்து சிலிண்டர் வாயில் டேப் ஒட்ட வேண்டும், தூசி போகாமல் இருக்க. அடுப்பில் பால் பொங்கியது. நான் உள்ளே ஓடினேன். அவர் டேப்பின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது மகள் சிலிண்டரைக் கட்டிப்பிடித்து நின்று, ஒரு கண்ணை மூடி அதன் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏர்போர்ட்டில் பார்ப்பார்களே, அதேபோல. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அவர் அவளைத் தூக்கி நகர்த்திவிட்டு இரண்டு வாயையும் ஒட்டினார்.

மகளின் முகத்தைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். இடது காதில் கம்மல் இல்லை. தேடினால் கம்மல் பாயிலேயே கிடந்தது. திருகாணி இல்லை.

பாயை உதறினோம், தலையணை உறையைக் கழற்றினோம், அவள் சட்டையை, அவர் லுங்கியை உதறினோம். இல்லை. சிலிண்டருக்குள் போட்டிருந்தால் அவர் மூச்சு இழுக்கும் காற்றில் அது இருக்கும். விழுங்கியிருந்தால் இவள் தொண்டையில், அல்லது வயிற்றில். அது எங்கே இருக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்பது?

"எங்கடி போட்ட?" என்றேன். "ஆ" என்று வாயைத் திறந்து காட்டினாள். எதைக் கேட்டாலும் அந்த மாதம் அவள் அதைத்தான் செய்வாள். ஆனாலும் அந்த வாய்க்குள் விரல் விட்டுத் துழாவினேன்.

வாசலில் கார் ஹாரன் அடித்தது. "அண்ணே, மீஞ்சூர்கிட்ட கண்டெய்னர் லாரிங்கோ நின்னா பேஜாருண்ணே, வாங்க" என்றார் டிரைவர்.

"நீங்க கெளம்புங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போயி எக்ஸ்ரே எடுத்துக்கறேன்" என்றேன். என் வாய் சொன்னது. மனசு வேறு சொன்னது.

"கெளம்பி? தண்ணிக்குள்ள ஒவ்வொரு மூச்சுக்கும் இத்தயே நெனச்சிக்கினு கெடக்கறதா? எங்க கீதுன்னு தெரியாம நான் போவ மாட்டேன்" என்று சொல்லி, ஒட்டிய டேப்பை உரித்தார்.

டார்ச் அடித்துப் பார்த்தோம். வெள்ளிப் பூச்சுப் பூசிய குட்டி அறை மாதிரி உள்ளே பளபளத்தது. இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. முதல் சிலிண்டரைக் கவிழ்த்து ஆட்டினார். சத்தம் இல்லை. அக்கா எப்போது வந்தார் என்று தெரியாது; மின்விசிறியை அணைத்தார். டிரைவர் போய் இன்ஜினை நிறுத்திவிட்டு வந்தார். என் கணவர் இரண்டாவதைக் கவிழ்த்தார். ஒன்றும் இல்லை. மறுபடி சாய்த்து ஆட்டினார்.

'டிக்.'

"கீதுமா! கீது!" என்று கத்தினார் அக்கா.

நான் மகளை இறுக்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உடனே அடுத்த பயம் வந்தது. உள்ளே இருப்பது வெளியே வர வேண்டுமே. கழுத்தின் உட்பக்கம் ஒரு சின்ன விளிம்பு. கவிழ்த்தால் அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. டிரைவர் அடிப்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, என் கணவர் கழுத்துப் பக்கத்தைப் பிடித்து உருட்டி உருட்டி ஆட்டினார். அக்கா தன் வீட்டு முறத்தைக் கொண்டுவந்து கீழே ஏந்தினார். டிக், டிக். கடைசியில் கடுகுக்கு அண்ணன் மாதிரி ஒரு துளி தங்கம் முறத்தில் விழுந்து உருண்டது.

"அப்பனுக்கு வழிச்செலவுக்குத் தங்கம் போட்டு அனுப்பப் பாத்தியாடி?" என்று அக்கா மகளின் கன்னத்தைக் கிள்ளினார். மகள் கை தட்டிவிட்டு, முறத்திலிருந்ததை மறுபடி எடுக்கப் பாய்ந்தாள்.

அது வேறு எதுவோ என்றால்? கம்மலில் வைத்துத் திருகிப் பார்த்தேன். மரை சரியாகப் பிடித்தது. அவர் டார்ச்சை என்னிடம் நீட்டினார். இரண்டுக்குள்ளும் பார்த்தேன். ஒட்டப் போனவரை நிறுத்தி இன்னொரு தடவை பார்த்தேன். காத்திருந்தார்.

காதில் வலி வந்த பிறகு அவர் கடலை விட்டுவிட்டார். இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சாயங்காலம் பையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார். நான் பயப்பட எதுவும் மிச்சமில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். மகள் தொங்கட்டான் போட்டுப் பள்ளிக்குப் போகிறாள். சிலிண்டர்கள் நின்ற இடத்தில் ஷூ அலமாரி இருக்கிறது. மதிய நேரத்தில் அந்த இடம் ரொம்ப அமைதியாக இருக்கிறது. அப்போதெல்லாம் அந்த நாள்தான் நினைவுக்கு வரும், அதன் சாயங்காலமும்.

அன்று சாயங்காலம் போர்ட் பிளேரிலிருந்து போன் செய்தார்.

"காத்து அடச்சாச்சி."

"அடைக்கறதுக்கு முன்ன ஆட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ரெண்டையும்?"

சிரித்தார். "கொயந்த இன்னா பண்றா?"

"தூங்க மாட்டேன்னு படுத்தறா."

"போன அவ காதுல வை."

வைத்தேன். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வால்வை இழையளவு திறந்தார். ஸ்ஸ் என்ற சத்தம் எனக்கும் கேட்டது. மகள் போனை ஒரு கையால் பிடித்தபடி என் தோளில் தலையைச் சாய்த்தாள். அவர் மூடவில்லை, நானும் போதும் என்று சொல்லவில்லை.