இஸ்திரியக்கா இருக்கிற தெரு

அந்தத் தெருவின் பெயர் கெட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. சைக்கிள், தண்ணீர் மோட்டார், கொடியில் காயும் துணி என்று எதையும் திருடர்கள் விட்டுவைக்க மாட்டார்கள். அங்கே வீடு விற்கவேண்டும் என்றால் தரகர்களே தலைதெறிக்க ஓடுவார்கள். அதனால்தான் இஸ்திரியக்காவுக்கும் பஸ் ஓட்டும் அவள் புருஷனுக்கும் சொற்ப வாடகைக்கு வீடு கிடைத்தது.

ஜன்னலோரம் மேசை போட்டுத் துணி தேய்ப்பாள். புதுமுகம் எது தெரிந்தாலும், "யாரைப் பாக்கணும்? எந்த வீடு? என்ன விஷயம்?" என்று குடைந்தெடுத்துவிடுவாள். நாயென்றால் திருடன் சமாளிப்பான், இவளை என்ன செய்வான்? ஒருவன், அவள் தேய்த்துக் கொடுத்த சட்டையையே திருடிப் போட்டுக்கொண்டு வந்து வசமாக மாட்டிக்கொண்டான். அதன்பிறகு ஒரு பயலும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

திருட்டு நின்றதும் வீட்டு விலை எகிறியது. அந்த வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்ள வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்துவந்த அவள் ஆசையில் மண் விழுந்தது. அதே தெருவில் இன்னும் மூன்று வீடு வைத்திருந்த வீட்டுக்காரர், ஒரு பல் டாக்டரம்மாவை அந்த வீட்டைக் காட்ட அழைத்துவந்தார்.

"திருட்டு பயம் உண்டான்னு கேப்பாங்க. கொஞ்சம் இழுத்து பதில் சொல்லு, விலை தானா இறங்கும்" என்று புருஷன் காலையிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

டாக்டரம்மா கேட்டே விட்டார்.

"திருட்டா? நான் இருக்கறப்பவா?" அக்காவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சட்டைக் கதையை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். உள்ளே புருஷன் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லாம் போச்சு என்று அழுகை முட்டியது.

"நான் வாங்கினா இவங்க எங்க போவாங்க?" என்றார் டாக்டரம்மா.

"வேற எங்கயாவது பாத்துக்குவாங்க" என்றார் வீட்டுக்காரர்.

"அப்போ தெருவை யாரு பாத்துக்குவா? உங்க மத்த வீட்டுல ஒண்ணைக் குடுங்க, வாங்கிக்கறேன். ஆனா இவங்க இங்கயேதான் இருக்கணும். இவங்க போயிட்டா எனக்கு இந்தத் தெருவே வேணாம்."

வீட்டுக்காரர் கொஞ்சநேரம் தாடையைத் தடவினார். மற்ற மூன்று வீடும் நல்ல விலைக்குப் போகவேண்டும் என்றால் இந்த ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் முடியும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"பழைய விலைக்கே நீயே எடுத்துக்கம்மா" என்றார்.

அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஏங்க, இது நம்ம வீடுங்க!" என்று அவள் போட்ட கூச்சல் தெருக்கோடிவரை கேட்டது.