பூங்காவனம் காட்டிய காளான் வழி

ஆவடியில் எங்கள் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் பூங்காவில் தோட்ட வேலை செய்தவள் பெயரே பூங்காவனம். இதைச் சொல்லி நான் சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை. "பேரு வெச்சவங்க இன்னா, வேலைய பாத்தா வெச்சாங்க?" என்று கேட்டுவிட்டு விளக்குமாற்றை என் செருப்பின் மேலேயே ஓட்டினாள்.

ஐம்பது வயதிருக்கும். சேக்காட்டிலிருந்து நடந்தே வருவாள். எங்கள் வீடுகளும் பூங்காக்களும் இருக்கிற இடமெல்லாம் முன்பு வயல்; அதில் அவள் நாற்று நட்டிருக்கிறாள். மழைக்காலத்தில் இடி இடித்த மறுநாள் எங்கிருந்தோ கூடை நிறையப் புற்றுக்காளான் கொண்டுபோவாள். எங்கே முளைக்கிறது என்று கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டாள்.

அதற்குக் காரணம் நான்தான். ஏரிப் பக்கம் அவள் மாமனார் வைத்த நாவல் மரம் ஒன்றை என்னை நம்பிக் காட்டினாள். நான் ஷிஃப்டில் நாலு பேரிடம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸே திரண்டு போய், கிளைகளை முறித்து, மரத்தை மொட்டையாக்கிவிட்டு வந்தது. மூன்று மாதம் என்னோடு அவள் பேசவில்லை. காளானும் போய்விட்டால் அந்த மண்ணில் அவளுக்கென்று எதுவும் மிச்சமில்லை.

எனக்குப் புத்தி வந்ததா என்றால், இல்லை. 1969 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இடி இடிக்கத் தொடங்கியதுமே, "நாளைக்கு அந்த இடத்தைக் கண்டுபிடிக்காம விடமாட்டேன்" என்று என் மனைவி சுசீலாவிடமும், பக்கத்து லேத்தில் வேலை செய்யும் ஜேம்ஸிடமும் சபதம் போட்டேன்.

காலையில் நல்ல தூறல். பூங்காவனம் கோணிப்பையைத் தலைக்குக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நான் குடையோடு இருபதடி தள்ளிப் பின்தொடர்ந்தேன். முதல் பூங்காவில் சறுக்குமரத்தின் பின்னால் குனிந்து எதையோ எடுத்து மடியில் போட்டாள். அவள் நகர்ந்ததும் கைக்குட்டையைக் கிழித்து அங்கிருந்த செடியில் ஒரு துண்டு கட்டினேன், அடையாளத்துக்கு. இரண்டாவது பூங்காவில் செம்பருத்தி வேலியடியில் குனிந்தாள். அங்கும் கட்டினேன். பிறகு சவுக்குத் தோப்புக்குள் நுழைந்தாள். ஒற்றையடிப் பாதை, குடை மாட்டிக்கொண்டு ஒரு கம்பி போயிற்று, சேறு ஒரு செருப்பை வாங்கிக்கொண்டது. அவளோ பத்தடிக்கு ஒருமுறை குனிந்தாள். கைக்குட்டை தீர்ந்து வேட்டி ஓரத்தைக் கிழிக்க ஆரம்பித்தேன்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஒரு பனையடியில் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமலே கூப்பிட்டாள்.

"வா சார், வந்து குந்து. காலு நோவல?"

மடியை அவிழ்த்துக் கொட்டினாள். சிகரெட் அட்டை, சோப்பு டப்பா, உடைந்த பொம்மைக் கால்.

"இம்மாங் குப்பை போட்டு வெச்சிக்கீறீங்க. மழைன்னு உட்டுட முடியுமா? நீ கட்டுன துணியெல்லாம் அவுத்துகினு போ சார். அதையும் நான்தான் பொறுக்கணும்."

வந்த வழியெல்லாம் நனைந்துகொண்டே ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். பதினான்கு இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தால் காளான் குழம்பு வாசனை. பின்வாசல் படியில் பூங்காவனத்தின் புருஷன் அய்யாசாமி டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நிறைந்த கூடை. எங்கள் குளியலறைக்குப் பின்னால், வேலி மூலையில், இடுப்புயரப் புற்று. அதைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக இன்னும் மிச்சம் முளைத்திருந்தது.

"நல்லா சுத்திப் பாத்தியா சார்?" என்றார் அவர்.

"மூணு வருஷமா இங்கதான் முளைக்குது. என்னைக்காவது பின்பக்கம் எட்டிப் பாத்திருக்கீங்களா?" என்றாள் சுசீலா.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இப்ப ஜேம்ஸ் சட்டியோட நிப்பாரு. நீங்க பின்னாடி வரப்போறீங்கன்னு பூங்காவனத்துக்குச் சொல்லி அனுப்பினதே நான்தான்."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. நாலு சட்டி குழம்புக்கு ஆசைப்பட்டு அவளுடைய கடைசிச் சொத்தையும் ஊருக்குக் காட்டிக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் வாசலில் ஜேம்ஸ். கையில் நிஜமாகவே சட்டி.

"இன்னா ரகுநாதா, கண்டுபுடிச்சியா மாமே? வாசனை தூக்குதே!" என்று பின்பக்கம் நடக்க ஆரம்பித்தான். அய்யாசாமி போய்விட்டிருந்தார். கூடையை எடுக்க வந்த பூங்காவனம் அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"போகாதே!" என்று கத்தினேன். "பின்னாடி புத்து. நல்ல பாம்பு இருக்கு."

"பாம்பா? இத்தினி நாளா சொல்லவே இல்லியே?"

பூங்காவனம் அடுப்படியிலிருந்து பாலும் மஞ்சளும் எடுத்துப் போய், புற்றுக்குப் பூசி, பாலை ஊற்றி, விழுந்து கும்பிட்டாள். ஜேம்ஸ் சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினான்.

இந்த முறை நான் யாரிடமும் சொல்லவில்லை, சத்தியமாக. ஜேம்ஸ் சொன்னான். வெள்ளிக்கிழமை காலையில் குவார்ட்டர்ஸ் பெண்கள் பதினோரு பேர் பால் கிண்ணத்தோடு எங்கள் பின்வாசலில் வரிசையாக நின்றார்கள். புற்றைச் சுற்றிப் புதுக் காளான். ஒருத்தி குனிந்து, "இது சாப்பிடுறதாச்சே?" என்றாள்.

பூங்காவனம் கூடையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தொடாதம்மா. அத நான்தான் எடுக்கணும்னு ஆத்தா கனவுல சொல்லிக்கீது."

சொல்லிவிட்டு அத்தனை பேர் பார்க்க, பட்டப்பகலில், நிதானமாக ஒவ்வொன்றாகப் பறித்துக் கூடையை நிரப்பினாள். பதினோரு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன்.