ஜேசுராஜின் மூச்சுக்கு ஒரு கருவி

உத்தமபாளையத்தில் கம்பம் சாலையை ஒட்டிய சந்தில் இவாஞ்சலின் செல்போன் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறாள். வயது முப்பத்தாறு. உடைந்த திரையை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடுவார்கள். தண்ணீரில் விழுந்த போனின் போர்டைப் பிரித்து, கடுகளவு உதிரிகளை லென்ஸுக்குக் கீழே வைத்துப் பற்றவைக்கிற வேலைக்குத்தான் கூடலூரிலிருந்துகூட ஆட்கள் அவளைத் தேடி வருவார்கள். அவள் கை நடுங்காது என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்வதுண்டு. கணவனுக்குக் கழுத்து முறிந்த வருடம் அந்தக் கை நடுங்கியது.

ஜேசுராஜ் பேண்டு செட்டில் சாக்சபோன் வாசித்தவன். ஒரு சித்திரை மாதம் சுருளிப்பட்டியில் கல்யாண ஊர்வலம் முடிந்ததும், கூட வாசித்தவர்களோடு ஆற்றுக்குக் குளிக்கப் போனான். வழக்கமாகக் குதிக்கிற பாறையிலிருந்துதான் தலைகீழாகக் குதித்தான். அந்த வாரம் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியிருந்ததை அவன் பார்க்கவில்லை. கரையில் தூக்கிப் போட்டபோது நினைவு இருந்தது. "என் காலு எங்கடா?" என்று கேட்டானாம்.

மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று மாதம் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தோளை லேசாக அசைப்பான், பேசுவான், விழுங்குவான். அதற்குக் கீழே உடம்பில் எதுவும் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. போடியிலிருந்த அவன் அக்கா ஜெபராணி வந்து தங்கிக்கொண்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கடையிலிருந்து இவாஞ்சலின் ஓடி வருவாள். இரண்டு பெண்களும் சேர்ந்து புரட்டிவிட்டதும், அவள் மறுபடி ஓடுவாள்.

அவன் சாக விரும்பினான். அதை மறைக்கவும் இல்லை.

"இவா, கஞ்சிய நிப்பாட்டிரு. பத்து நாளு போதும்."

"வாயத் தொறங்க."

"ஒனக்கும் விடுதலதான்."

"தொறங்கங்கிறேன்ல."

முதல் வருடத்திலேயே இரண்டு முறை நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. இரண்டாவது முறை டாக்டரம்மா இருமலின் வேகத்தை அளக்கும் ஒரு குழாயை அவன் வாயில் வைத்து இருமச் சொன்னார். முள் நூற்று நாற்பதைத் தாண்டவில்லை. இவாஞ்சலினை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்: "நூத்தி அறுபதுக்குக் கீழ இருந்தா சளிய வெளிய தள்ள முடியாதும்மா. தினமும் மூச்சுப் பயிற்சி செய்யணும். இல்லன்னா அடுத்த காய்ச்சல்ல தொண்டையில ஓட்ட போட்டு மெஷின் வைக்கிற மாதிரி ஆயிரும்."

மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். உறிஞ்சினால் பந்து மேலே ஏறும். ஜேசுராஜ் அதன் குழாயைத் துப்பிவிட்டான். அவன் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, பயிற்சி செய்யாமல் இருந்தாலே போதும். காரியம் தானாக நடந்துவிடும். அது அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்தது. அந்த வாரம் அவள் கடையில் ஒரு நல்ல போர்டைச் சூட்டில் கருக்கிவிட்டாள்.

அவனை ஊத வைக்க வேண்டும். சாக்சபோனுக்கு விரல் வேண்டும், இவனிடம் இருப்பது மூச்சும் உதடும் மட்டும். அப்படியானால் அவற்றை மட்டும் கேட்கிற கருவி ஒன்று வேண்டும். மூச்சின் அழுத்தத்தை அளக்கிற சென்சாரை ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினிலிருந்து கழற்றினாள். ரப்பர் குழாயில் அவளே ஊதியபோது மீட்டரில் எண்கள் ஏறின. மறுநாள் அவன் தூங்கி எழுந்த நேரம் பார்த்து, என்னவென்று சொல்லாமல் குழாயை வாயில் வைத்து, "சும்மா ஊதுங்க" என்றாள். ஊதினான். எண் அசையவே இல்லை. கையில் பட்டையைச் சுற்றி இறுக்கும் அழுத்தத்தை அளக்கிற சாமான் அது, அவன் மூச்சு அதற்குப் படவில்லை.

"பாத்தியா? ஊதுறேன்னு மெஷினுக்கே தெரியல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று கடையைத் திறக்காமல் ஷட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, எதிரே வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கும் சின்னச்சாமி விசாரித்தார். அவள் சொன்னதும் பழைய மெஷின் ஒன்றின் உள்ளேயிருந்து உள்ளங்கையில் அடங்குகிற வட்டமான ஒரு சாமானைக் கழற்றிக் கொண்டுவந்தார்.

"தொட்டியில எம்புட்டுத் தண்ணி ஏறுதுன்னு இதுதான் பாக்கும். குழாக்குள்ள இருக்கிற காத்து நெருக்குறத வச்சே கண்டுபிடிச்சுரும். ஒரு சாண் தண்ணிக்கே சொல்லிரும் தாயி. ஊதிப் பாரு."

கடையைத் திறந்து அதை மீட்டரில் இணைத்தாள். லேசாக ஊதியதற்கே எண் குதித்தது. அவள் அழுதாள். சின்னச்சாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

சுரத்துக்கு உதடு. போனுக்குள் ஒட்டுகிற செப்புத் தகட்டை நான்கு சிறு பட்டைகளாக வெட்டி, பிளாஸ்டிக் ஊதுவாயில் ஒட்டினாள். கீழுதட்டின் இடம், நடு, வலம், மேலுதடு. எந்த உதட்டுப் பகுதி எந்தத் தகட்டில் படுகிறதோ அதற்கேற்பச் சுரம் மாறும். எல்லாவற்றையும் விரல் நீளப் போர்டு ஒன்றில் இணைத்து ஸ்பீக்கரில் கொடுத்தாள். புரோகிராமை இணையத்தில் ஒன்றைப் பார்த்து, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் எழுதினாள். எச்சில் பட்டதும் நான்கு தகடும் ஒன்றாகக் கத்தின. சூடு தாங்கும் மஞ்சள் டேப்பை மேலே ஒட்டித் தகடுகளை இன்னும் தள்ளி வைத்தபிறகே அடங்கின. இதற்கே ஐப்பசி முடிந்துவிட்டது.

கட்டில் கம்பியில் கருவியைப் பொருத்தி ஊதுவாயை அவன் உதட்டருகே வளைத்தாள். "மதினி, நீங்களும் வந்து பாருங்க" என்று ஜெபராணியையும் கூப்பிட்டாள். அவன் ஊதினான். மாட்டு வண்டி அச்சு தேய்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மறுபடி ஊதினான், அதே சத்தம். இருபது வருடம் வாசித்தவனின் முகம் கோணியது.

"இதுவா?" என்றான். "இத ஊதுறதுக்கா என்னையப் பொழைக்க வச்ச?"

கண்ணீர் காது வரை வழிந்தது. துடைத்துக்கொள்ள அவன் கை எழாது. ஜெபராணி துடைத்துவிட்டு, "ஏத்தா, அவன ஏன் இப்படி வதைக்கிற? நிம்மதியாத்தான் கெடக்கட்டுமே" என்றாள்.

"நிம்மதியா கெடந்தா செத்துருவாக மதினி. அதுதான் வேணுமா ஒங்களுக்கு?" என்று கத்திவிட்டு, ஊதுவாயைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள் இவாஞ்சலின். தகடுகள் பிய்ந்து தொங்கின.

கார்த்திகை அடைமழையில் மூன்றாவது காய்ச்சல் வந்தது. தேனி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். குழாய் விட்டுச் சளியை உறிஞ்சும்போதெல்லாம் அவன் கண்கள் பிதுங்கின. தொண்டையில் ஓட்டை போடச் சம்மதம் கேட்டுத் தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால் அவன் மன்னிக்க மாட்டான், போடாவிட்டால் இருக்கவே மாட்டான். அவள் போட்டாள். பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, 'எடுத்துக்கோ ஆண்டவரே, இவ்வளவு வதைக்கிறதுக்கு எடுத்துக்கோ' என்று வேண்டினாள். வேண்டிய வாயை உடனே கையால் பொத்திக்கொண்டாள். அன்று மாலை காய்ச்சல் இறங்கியது. ஓட்டை போடத் தேவைப்படவில்லை. வேண்டியதையா, வாயைப் பொத்தியதையா, எதைக் கேட்டுக் கடவுள் இதைக் கொடுத்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரிடமும் அதைச் சொல்லவும் இல்லை.

வீடு திரும்பிய நான்காம் நாள், முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தபோது ஜேசுராஜ் சொன்னான்.

"அது லேட்டா வருது."

"எது?"

"ஒன் மெஷினு. நான் ஊதி நிப்பாட்டுன பெறகும் அது கத்திக்கிட்டே இருந்துச்சு. மூச்சு முடிஞ்சா சத்தம் முடியணும். அது தெரியாம என்னத்தச் செஞ்ச?"

குரலில் கோபம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த பன்னிரண்டு நாளும் அவன் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவள் கையிலிருந்த பவுடர் டப்பா கீழே விழுந்தது.

தகடுகளை மறுபடி ஒட்டினாள். கோளாறு புரோகிராமில் இருந்தது. எண்கள் குதிக்காமல் இருப்பதற்காக ஐம்பது அளவுகளைக் கூட்டிச் சராசரி எடுத்திருந்தாள், அதனால்தான் தாமதம். நான்காகக் குறைத்தாள். சத்தம் மூச்சோடு ஒட்டிக்கொண்டது, ஆனால் கரகரப்பு கூடியது.

"எரைச்சல் கேக்குதேங்க."

"எரைச்சல் இருந்துட்டுப் போகட்டும். மூச்சு பெசகக் கூடாது. நடுத் தகட்ட நெல்லளவு கீழ எறக்கு. அங்கன இல்ல, இங்கன. ஏய், சொல்றது காதுல விழுகுதா இல்லியா?"

மூன்று நாள் திட்டினான். மெல்ல ஊதினால் சத்தம் மெலிய வேண்டும் என்றான், உதட்டை இறுக்கினால் சுரம் வளைய வேண்டும் என்றான். ஒரு தகட்டுக்கு அடியில் அழுத்தத்தை உணரும் மெல்லிய தாள் ஒன்றைச் செருகி அதையும் செய்தாள். நான்காம் நாள் ஐந்து சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆறாவதில் மூச்சு தீர்ந்து, உதடு நீலமாகி, இருமினான். அந்த இருமலில் சளி வந்தது. ஜெபராணி துணியில் ஏந்திக்கொண்டு தம்பியையே பார்த்தாள். "இன்னும் வருதாடா?" என்றாள்.

பங்குனியில் டாக்டரம்மா மறுபடி குழாயை வைத்து இருமச் சொன்னார். நூற்று எழுபத்தைந்து. என்ன பயிற்சி செய்தார்கள் என்று கேட்டார். இவாஞ்சலின் சொன்னதைக் கேட்டுவிட்டு, தான் வந்து பார்க்கலாமா என்றார். ஜேசுராஜ் வேண்டாம் என்று தலையசைத்தான். பேண்டு செட்டிலிருந்து வந்தவர்களிடமும் அப்படித்தான். வீட்டிலிருக்கும் இரண்டு பெண்களைத் தவிர யார் முன்னாலும் அவன் ஊதுவதில்லை.

நன்றாகிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. இடுப்பில் படுக்கைப் புண் ஆறவில்லை. ஒரு பாட்டின் பல்லவிக்கு மேல் மூச்சு வருவதில்லை. ஆனியில் ஒரு காலை, கடைக்குக் கிளம்பும் முன், அவள் துணிந்து கேட்டுவிட்டாள்.

"இப்பயும் போகணும்னுதான் தோணுதா ஒங்களுக்கு?"

அவன் கூரையைப் பார்த்தான். "தோணுது. முழிச்ச ஒடனே தோணுது."

"ஊதுனா?"

"ஊதும்போது எதும் தோணாது. ஊதி முடிச்சா மறுபடி தோணும்."

அவள் ஊதுவாயைத் திருப்பி அவன் வாயருகே கொண்டுவந்தாள். வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டான். அவள் வற்புறுத்தவில்லை. கட்டில் ஓரத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைக்குப் போனாள். மறுநாளும் அவன் ஊதவில்லை. அவளுக்கு வேலை ஓடவில்லை. இருமல் சத்தம் கேட்கிறதா என்று மதினிக்கு நான்கு முறை போன் செய்தாள்.

மூன்றாம் நாள் கஞ்சி குடித்து முடித்ததும், ஜெபராணி துண்டால் வாயைத் துடைத்துவிட்டாள். ஜேசுராஜ் வாயை மூடவில்லை. இன்னும் பசிக்கிறதோ என்று அவள் கரண்டியை எடுத்தாள்.

"கஞ்சி இல்லக்கா," என்றான். "அதக் குடு."