வாப்பாவின் சுண்டுவிரல்

தசையின் சத்தத்தைக் கேட்பதுதான் என் உத்தியோகம் என்று சொன்னால் எழுபதுகளில் மாத்தளையில் யாரும் நம்பமாட்டார்கள். கண்டியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு மெஷின் இருந்தது. முன்கையில் சிறு உலோகத் தகடுகளை ஒட்டி விரலை அசைக்கச் சொன்னால், தசையில் ஓடும் மின்சாரம் ஸ்பீக்கரில் படபடவென்று கேட்கும். விரலை மடக்கும் தசை முன்கையில்தான் இருக்கிறது. எந்த விரலுக்கு எந்த இடம் என்று தடவிப் பார்த்து ஒட்டுவதில் நான் கெட்டிக்காரி. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளையில், எங்கள் வீட்டில், தங்கச்சிமாரின் கைகளை அமுக்கி அமுக்கிப் பழகிய வித்தை அது. என்னைக் கண்டாலே கையைப் பின்னால் ஒளித்துக்கொள்வார்கள்.

மாத்தளையில் துணிக்கடை வைத்திருந்த என் வாப்பா, பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து வலது முழங்கையை உடைத்துக்கொண்டார். எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கவில்லை. துணி வெட்டப் போனால் கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. நரம்பில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க டொக்டர் அவரை எங்கள் மெஷினுக்கு அனுப்பினார்.

முழங்கைக்குச் சற்றுக் கீழே, சுண்டுவிரல் பக்கத்து எலும்பை ஒட்டித் தகட்டை வைத்தேன். "சின்ன விரல மட்டும் மடக்குங்க வாப்பா."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முழுக் கையையும் இறுக்கினார். மற்றத் தசைகள் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். அதற்குள் சின்ன விரலின் சத்தத்தை எங்கே போய்த் தேடுவது?

"மட்டும்" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

"மடங்காத வெரல எப்பிடி மகள் தனியா மடக்குற?"

நியாயமான கேள்விதான். சில மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று, பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த டொக்டர் எழுந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. தொழுகை முடிந்ததும் வாப்பா சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக மடக்கி, இறைவனைத் துதிக்கும் தஸ்பீஹை எண்ணுவார். கை உடைந்ததிலிருந்து இடது கையில் எண்ணிக்கொண்டிருந்தார்.

"வெரல மறந்துடுங்க. கண்ண மூடிட்டு வலது கையில தஸ்பீஹ் எண்ணுங்க."

கண்ணை மூடினார். தோள் தளர்ந்தது. இரைச்சலும் அடங்கியது. "சுப்ஹானல்லாஹ்" என்று அவர் உதடு அசைந்ததும் ஸ்பீக்கரில் கடுகு பொரிவதுபோல் மெல்லிய சத்தம். விரல் துளியும் அசையவில்லை. எண்ணிக்கை திரும்பச் சுண்டுவிரலுக்கு வந்தபோது மறுபடியும் அதே சத்தம். டொக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினேன்.

ஊர் திரும்பும் மாலைக் கோச்சியில் எங்களுக்கு எதிரே இருந்த ஊர்க்காரர் ஒருவர், டொக்டர் என்ன சொன்னார் என்று விசாரித்தார். என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் "ஆஸ்பத்திரியில எழுதுற வேல" என்று சொல்லிச் சமாளித்துவந்தவர் வாப்பா. அன்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ரயில் பெட்டி முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்:

"நரம்புக்கு உசிர் இருக்காம். டொக்டர் பொறகுதான் கேட்டார். மொதல்ல கேட்டது என்ட மக."