ஒரு நைஜீரியப் பாட்டும் தலையாட்டியும்

ராப் என்கிற சாமானை நான் ஒருகாலமும் பாட்டுக் கணக்கில் சேர்த்ததில்லை. இரண்டு பேர் வேலிச் சண்டை பிடிக்க, மூன்றாமவன் பின்னால் நின்று தகரத்தில் தட்டுவது போலத்தான் எனக்குக் கேட்கும். ரயிலில் பக்கத்து இருக்கைப் பொடியன் காதில் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டத் தொடங்கினால் நான் எழும்பி வேறு பெட்டிக்குப் போய்விடுவேன். சத்தம் பிடிக்கவில்லை என்று மனைவிக்குச் சொல்லியிருந்தேன். உண்மையில் சத்தம் இல்லை, அந்தத் தலைதான்.

டென்மார்க்கில், பிரெடெரிசியாவில் வீடு, ஹோர்சன்ஸில் வேலை. உறைந்த சாப்பாட்டுச் சாமான்கள் வைக்கிற கிடங்கு அது. உள்ளே பூச்சியத்துக்குக் கீழே இருபத்துநாலு பாகை. முகத்தை மூடாமல் போனால் மூக்குக்குள் மயிர் உறைந்து குத்தும். அதனால் எல்லாருக்கும் கறுப்பு முகமூடி தருவார்கள். கண் இரண்டும்தான் வெளியே தெரியும். சேர்ந்த புதிதில் அதற்குப் பழக எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. என்ன பிரச்சினை என்று கேட்ட மேலாளரிடம் மூச்சு முட்டுகிறது என்றேன். நான் போட்டுக்கொள்வதில் எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. மற்றவர்கள் போட்டிருப்பதைப் பார்க்கத்தான் முடியாமல் இருந்தது.

போன மாரியில் ஒரு நைஜீரியாக்காரர் எங்களோடு வேலைக்குச் சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். நாட்டில் பொறியியல் படித்தவர். இங்கே என்னோடு சேர்ந்து பெட்டி அடுக்கினார். வந்து மூன்றாம் நாள் காலை, இறால் பெட்டிகள் ஏற்றிய தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு இரண்டு அடுக்குகளுக்கு நடுவால் வந்தேன். மறுமுனையில் அவர் நின்றுகொண்டிருந்தார். முகம் முழுக்கக் கறுப்புத் துணி. உடம்பு அசையவில்லை. கண் நேராக என்னைப் பார்த்தது. தலை மட்டும் மேலும் கீழும் ஆடியது, ஒருதரம், இரண்டுதரம்.

வண்டியைக் கைவிட்டுவிட்டு ஓடினேன். பெட்டிகள் சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. எனக்கு நினைவு திரும்பியபோது கழிப்பறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். ஐம்பத்தாறு வயது மனிதன், வெட்கக்கேடு, கால்சட்டை நனைந்திருந்தது.

இடைவேளையில் அவர் நேரே என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். முகமூடிக்குள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாராம். "என்ன, கறுப்பனைக் கண்டு பயந்துவிட்டாயா?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் அரைகுறை டேனிஷிலும் ஆங்கிலத்திலும்தான் பேசுவோம். அதைத் தமிழில் எழுதுகிறேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இது வழமையான விஷயம் என்பது போலச் சலிப்போடு கேட்டார். பொய் சொல்லக்கூடாது, எங்களுடைய ஆட்கள் கூடுகிற இடங்களில் ஆப்பிரிக்கர்களுக்கு வைத்திருக்கிற பெயரை நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் அன்று நான் ஓடியது அதற்கில்லை. அந்த மனிதனிடம் இந்தப் பழியோடு இருக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் எவருக்கும் சொல்லாததில் பாதியை அவருக்குச் சொன்னேன்.

எங்கள் ஊரில் அவனைத் தலையாட்டி என்போம். இராணுவம் விடியற்காலையில் ஊரைச் சுற்றி வளைக்கும். ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொல்லும். அங்கே ஜீப்புக்குள் ஒருவன் இருப்பான். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் நடந்து போகவேண்டும். அவன் சும்மா இருந்தால் வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. "என் சிநேகிதனை அப்படித்தான் கொண்டுபோனார்கள்" என்றேன்.

சொல்லாத மற்றப் பாதி இது. அன்று வரிசையில் நான் முன்னால் போனேன், என் சிநேகிதன் பின்னால் வந்தான். இருவரும் ஒரே டியூட்டரியில் படித்தவர்கள், ஒரே நிறச் சட்டை கூடப் போட்டிருந்தோம். நான் ஜீப்புக்கு நேரே வந்தபோது சாக்குக்குள் இருந்த கண் என்னைப் பார்த்தது. தலை ஆடியது. எனக்குத்தான் ஆடியது. ஆடியதில் பிழையும் இல்லை. இரண்டு மாதமாக இயக்கத்துக்கு நோட்டீஸ் ஒட்டிக்கொண்டு திரிந்தவன் நான். பக்கத்தில் நின்ற சிப்பாய் யாரோடோ பேசிக்கொண்டிருந்தவன், ஒரு கணம் பிந்தித் திரும்பினான். அதற்குள் நான் இரண்டு அடி தாண்டிவிட்டேன். அவன் கை என் சிநேகிதனின் சட்டைக் கொலரில் விழுந்தது.

"மச்சான்" என்றான் அவன். கத்தவில்லை. பேனை இரவல் கேட்கிற குரலில் கூப்பிட்டான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தேன். வீட்டுக்குப் போய் அம்மா தந்த தேத்தண்ணீரைக் குடித்தேன். அதைக் குடித்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னில் அருவருப்பு வரும்.

அவனுடைய தங்கை கிரின்ஸ்டெட்டில் இருக்கிறாள். கலியாணம் கட்டி வந்தவள். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை கோயில் திருவிழாவில் காண்போம். தேர் சுற்றி வந்த பிறகு தவறாமல் என்னைத் தேடி வருவாள்.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் அவனோடதானே போனனீங்கள். கடைசியா ஏதும் சொன்னவனோ?"

"நான் முன்னால போயிட்டன், தங்கச்சி. ஒண்டும் காணேல்லை."

"ஓம் அண்ணை, முந்தியும் சொன்னனீங்கள். மனம் கேக்குதில்லை, அதுதான் திரும்பத் திரும்பக் கேக்கிறன்."

குறை நினைக்க வேண்டாம் என்று சொல்லி, என் கையில் மோதகப் பொட்டலத்தைத் தந்துவிட்டுப் போவாள். அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. வழியில் எங்காவது குப்பைத்தொட்டியில் போட்டுவிடுவேன். ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அவளிடம் சொல்லாமல் செத்துப்போவேனோ என்பதுதான் இத்தனை வருடமாக எனக்குள் இருந்த பெரிய பயம்.

நைஜீரியாக்காரர் நான் சொன்ன பாதியைக் கேட்டுவிட்டு, தங்கள் பக்கம் தலை ஆட்டுவதில்லை, விரல் நீட்டுவார்கள் என்றார். அடுத்த கிழமையிலிருந்து இடைவேளையில் காதுக்குள் மாட்டுகிற இரண்டில் ஒன்றை எனக்குத் தந்தார். மரியாதைக்கு வாங்கிக்கொண்டேன். தலையை ஆட்டாமல் கேட்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சிரித்துவிட்டு, "சரி ஓகா" என்றார். அவர்களுடைய பேச்சில் ஓகா என்றால் முதலாளி, பெரியவர். பெட்டி அடுக்குகிற என்னை அப்படிக் கூப்பிடுவதில் அவருக்கு ஒரு நக்கல்.

அவர் வரி வரியாகச் சொல்லித் தரத்தான் எனக்கு விளங்கியது, இந்த வேலிச் சண்டை யாரோடு என்று. எண்ணெய் விளைகிற நாட்டில் பெற்றோலுக்கு வரிசையில் நிற்பதைப் பாடினார்கள். கரண்ட் போனதை, கரண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பாடினார்கள். வேலைநிறுத்தத்தில் மூடிக்கிடக்கிற பல்கலைக்கழகம், வீதியில் மறித்துப் பொடியன்களின் போனைத் தட்டிப் பறிக்கிற பொலிஸ், தலைமயிர் நீளமாக இருந்ததற்காக அடி வாங்கினவன். அட, இது எங்களுடைய கதையெல்லோ என்று எனக்குப் பட்டது. நாங்கள் இதையெல்லாம் ஒப்பாரியாக அழுதோம். இவர்கள் மூச்சு விடாமல் ஏசுகிறார்கள். ஏசுவது நல்லதென்றுகூட நினைத்தேன்.

ஒருநாள், நான் ஓடிய அன்று தான் கேட்டுக்கொண்டிருந்த பாட்டைப் போட்டார். அவருடைய ஊர்ப் பொடியன் ஒருவன் பாடியது. பாட்டில் திரும்பத் திரும்ப "நா மீ, நா மீ" என்று வந்தது. எனக்கு அது "நான்... நான்..." என்று விழுந்தது. தமிழிலா பாடுகிறான் என்று காதை அழுத்திப் பிடித்தேன். அவர்களுடைய பிட்ஜின் ஆங்கிலத்தில் நா என்றால் "அது" என்பதாம். நா மீ என்றால் "அது நான்தான்".

கதை இதுதான். இரண்டு சிநேகிதர்கள் பஸ்ஸில் போகிறார்கள். பொலிஸ் மறிக்கிறது. இருக்கைக்குக் கீழே ஒரு பை, அதற்குள் மடிக்கணினி. மடிக்கணினி வைத்திருக்கிற பொடியனெல்லாம் இணையத்தில் ஏமாற்றுகிறவன் என்று பொலிஸின் எண்ணம். யாருடைய பை என்று கேட்கிறார்கள். பாடுகிறவனுடையது. அவன் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவனை இறக்கிக்கொண்டு போகிறார்கள். பஸ் வெளிக்கிடுகிறது. அந்த இடத்தில்தான் "நா மீ, நா மீ" என்று வருகிறது.

இடைவேளை முடியுமுன்னமே கையுறையை மாட்டிக்கொண்டேன். "பிறகு?" என்றேன்.

பிறகு அவன் சிநேகிதனின் தாயுடைய வீட்டுக்குப் போகிறான். படலைக்கு வெளியே நிற்கிறான். தாய் உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது. திரும்பி வந்துவிடுகிறான். பாட்டு முடிந்துவிட்டது.

"முடிந்துவிட்டதா? இவ்வளவுதானா?" என்று நான் எழும்பிவிட்டேன். "ஊரெல்லாம் கேட்கப் பாடத் தெரியுது, ஒரு தாயிட்டைச் சொல்லத் தெரியாதோ? கோழைப்பயல்! நாய்!" தமிழில்தான் கத்தினேன். அடுத்த மேசை டேனிஷ்காரர்கள் காப்பியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். நைஜீரியாக்காரர் காதில் இருந்ததை மெல்லக் கழற்றினார்.

"ஓகா, யாரை ஏசுகிறாய்?" என்று கேட்டார்.

அந்தக் கிழமை முழுக்க வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டேன். "உங்களுக்கென்ன விசரே? விளங்காத பாட்டைக் கேட்டு அழுறியள்" என்றாள் மனைவி. விளங்குகிறது என்று அவளுக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானம் காரை எடுத்துக்கொண்டு கிரின்ஸ்டெட்டுக்குப் போனேன்.

அவள் காலை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். புருஷன் கடைக்குப் போயிருந்தார். "வாங்கோ அண்ணை, என்ன சொல்லாமல் கொள்ளாமல்" என்று தேத்தண்ணீர் வைத்தாள். கோப்பை மேசைக்கு வருவதற்கு முன்னமே சொல்லத் தொடங்கினேன். நின்றுவிட்டால் நானும் படலையோடு திரும்பிவிடுவேன் என்று பயம்.

"தங்கச்சி, அண்டைக்குத் தலையாட்டி ஆட்டினது எனக்கு. உன்ரை அண்ணாவுக்கு இல்லை. ஆமி பிழையா அவனைப் பிடிச்சிட்டாங்கள். நோட்டீஸ் ஒட்டினது நான்தான். அவன் என்னை மச்சான் எண்டு கூப்பிட்டவன். நான் திரும்பிப் பாக்கேல்லை."

ஏசுவாள், அடிப்பாள், அல்லது விழுந்து அழுவாள் என்று நினைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போனேன். அவள் கோப்பையைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

"அப்ப அண்ணா நோட்டீஸ் ஒட்டப் போகேல்லையோ?"

"இல்லை."

"ஒருநாளும்?"

"ஒருநாளும் இல்லை. நான் ஒட்டினதே அவனுக்குத் தெரியாது."

அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். "பிடிபடுறதுக்கு முதல் நாள் பின்னேரம் அப்பா அவனைக் கூப்பிட்டுக் கேட்டவர், உனக்கு ஏதும் தொடர்பு இருக்கோ எண்டு. அவன் சாமிப் படத்தில கை வைச்சுச் சத்தியம் பண்ணினவன், இல்லையெண்டு. அடுத்த நாள் தலையாட்டி ஆட்டிட்டான் எண்டு ஊரே சொல்லுது. அப்பா என்னெண்டு நினைப்பார்? என்னட்டைப் பொய்ச் சத்தியம் பண்ணினவன்ரை படம் இந்த வீட்டில தொங்கக்கூடாது எண்டு கழட்டி அலுமாரிக்குள்ளை வைச்சவர். சாகுமட்டும் வெளியில எடுக்க விடேல்லை. அவர் போன பிறகும் அம்மா எடுக்கேல்லை, அவரின்ரை சொல்லை மீறக்கூடாதெண்டு."

சிநேகிதனின் உயிரை நான் எடுத்தேன் என்று மட்டும்தான் இத்தனை காலம் எனக்குத் தெரியும். அவனைச் சொந்த வீட்டில் பொய்யனாக்கியதும் நான்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் பேசாமல் இருந்தது என்னை மட்டும் அரிக்கிற நோய் என்று நினைத்திருந்தேன். என்ன மடத்தனம்.

அவள் போனை எடுத்து ஊருக்கு அழைத்தாள். "நான் சொன்னா அம்மா நம்பமாட்டா. நீங்கள் சொல்லுங்கோ" என்று ஒலிபெருக்கியைப் போட்டு என் முன்னால் வைத்தாள். மணி அடித்தது. வயதான குரல், "ஆர் பிள்ளை?" என்றது. நான் ஆரென்று சொன்னேன். ஜீப்பிலிருந்து நோட்டீஸ் வரைக்கும், மச்சான் என்றது வரைக்கும் சொன்னேன்.

அந்தத் தாய் போனை எங்கோ வைத்த சத்தம் கேட்டது. காலை இழுத்து இழுத்து நடந்து போனார். அலுமாரிக் கதவு இறுகிப்போயிருந்தது போல, இரண்டு மூன்று தரம் இழுத்துத் திறந்தார். பிறகு அவர் குரல் தூரத்திலிருந்து வந்தது, எங்களோடு பேசவில்லை.

"வா மோனை, வெளியில வா. நீ பொய் சொல்லேல்லையாம்."